செடிக்குள் வெளி மரபணு: நுழைப்பது கடினமா, நுழைந்த உயிரணுவைச் செடியாக்குவது கடினமா?

#1 – தேன்சிட்டு

வணக்கம். உயிரித் தொழில்நுட்பத்தில் முதுநிலை படிக்கும் மாணவி நான். தாவர உயிரணுக்களுக்குள் வெளி மரபணுவைச் செலுத்தும் முறைகள் பற்றி வகுப்புக் கருத்தரங்கில் பேச வேண்டும். பாடநூலில் அக்ரோபாக்டீரியம், துகள் துப்பாக்கி, மின்துளையாக்கம், நுண்ஊசி என்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. எந்தப் பயிருக்கு எது என்று கேட்டால், "இருவித்திலைக்கு பாக்டீரியா, ஒருவித்திலைக்குத் துப்பாக்கி" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இது இன்றும் உண்மைதானா?

இன்னொரு ஐயம். செய்முறை வகுப்பில் வெங்காயத் தோலைத் துகள் துப்பாக்கியால் சுட்டு, கஸ் சாயமேற்றம் (செலுத்திய மரபணு தரும் நொதி இருந்தால் நீலமாகும் சோதனை) செய்தோம். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கங்கே முழு உயிரணுவே நீலமாகத் தெரிந்தது. மரபணு உள்ளே போய் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சான்று என்றார்கள். அப்படியானால் அந்த நீல உயிரணுவிலிருந்து ஏன் ஒரு செடி வருவதில்லை? உள்ளே போன பிறகு வேறென்ன தடை?

#2 – வேர்க்கழலை

தேன்சிட்டு, இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கருத்தரங்கை அதிலிருந்தே தொடங்குங்கள்.

நீங்கள் பார்த்த நீலம் பெரும்பாலும் தற்காலிக வெளிப்பாடு. துகளோடு போன டி.என்.ஏ. உட்கருவை அடைந்தால் போதும். குரோமோசோமில் சேராமலேயே அது படிக்கப்பட்டு நொதி உருவாகிவிடும். சில நாட்களில் உயிரணுவின் சொந்த நொதிகள் அந்த டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், நீலமும் போய்விடும். சுடப்பட்ட உயிரணுக்களில் மிகச் சிறிய பங்கில்தான் அது குரோமோசோமில் நிலையாகச் சேர்கிறது. அப்படிச் சேர்ந்தாலும் உங்கள் வெங்காயத் தோல் உயிரணு வளர்ந்து முடிந்தது. அது இனிப் பிளவுபடப் போவதில்லை.

ஆக மூன்று காரியங்கள் ஒரே உயிரணுவில் கூடிவர வேண்டும். டி.என்.ஏ. உள்ளே போக வேண்டும். குரோமோசோமில் ஒட்ட வேண்டும். அந்த உயிரணுவுக்கு முழுச் செடியாகும் திறன் இருக்க வேண்டும். முதலாவதைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், ஏனென்றால் துப்பாக்கி என்ற சொல் கவர்ச்சியானது. ஆய்வகங்களில் ஆண்டுகள் வீணாவது மூன்றாவதில்.

வெங்காயத்தைத் தேர்ந்ததற்கு வரலாறு உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகப் பண்ணை ஆய்வு நிலையத்தில் ஜான் சான்ஃபோர்ட் என்ற தாவர இனப்பெருக்க ஆய்வாளர் இருந்தார். தாவர உயிரணுவின் செல்லுலோஸ் சுவரைத் தாண்டுவதுதான் அவருடைய தலைவலி. விலங்குகளின் முட்டை பெரியது, சுவரும் இல்லை, ஊசி போடலாம். செடியில் ஊசி போட முடியாது என்றில்லை, ஆனால் ஒவ்வொரு உயிரணுவாகக் குத்திக்கொண்டிருக்க வேண்டும். கார்னெலின் நுண்கருவிப் பொறியாளர் எட்வர்ட் வுல்ஃபும் அவரும் 1980களின் முற்பகுதியில் உலோகத் துகளை வேகமாக எறிந்து பார்ப்பது என்று முடிவு செய்து, சாதாரணக் காற்றுத் துப்பாக்கியால் வெங்காயத்தைச் சுட ஆரம்பித்தார்கள். வெங்காயத் தோல் உயிரணு பெரியது, ஒற்றை அடுக்காக உரிக்க வரும், துகள் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பிறகு வெடிமருந்தால் இயங்கும் கருவி செய்து, டங்ஸ்டன் துகளில் மரபுப்பொருளை ஏற்றிச் சுட்டு, 1987இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். இன்று ஆய்வகங்களில் இருப்பது ஹீலியம் வாயு அழுத்தத்தில் இயங்குவது. டங்ஸ்டனுக்குப் பதிலாகத் தங்கத் துகள்.

#3 – தேனி வாழைக்காரன்

மரபணு வேலை எனக்குத் தெரியாது. திசு வளர்ப்பு வாழைக்கன்று உற்பத்திக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேர்க்கழலை அண்ணா சொல்லும் மூன்றாவது விஷயம் எனக்கு அன்றாடம்.

எங்கள் வேலை, இருக்கும் குருத்தைப் பெருக்குவதுதான். அதற்கே வெட்டிய இடம் கருத்துப்போகும், ஊடகம் முழுவதும் பழுப்பாகிவிடும், பூஞ்சை வந்தால் அந்த அலமாரியையே காலி செய்ய வேண்டும். ஒரே இரகத்திலேயே ஒரு தோட்டத்துக் கன்று நன்றாகப் பெருகும், அடுத்த தோட்டத்துக் கன்று நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த நிலையில் ஒற்றை உயிரணுவிலிருந்து வாழை கொண்டுவருவது என்றால் எவ்வளவு பெரிய காரியம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

#4 – தேன்சிட்டு

நன்றி அண்ணா, நன்றி வாழைக்காரரே. அக்ரோபாக்டீரியம் பற்றியும் இதே கோணத்தில் சொல்ல முடியுமா? அது "இயற்கையின் மரபணுப் பொறியாளர்" என்ற வரியைத் தாண்டி எங்கள் நூலில் எதுவும் இல்லை.

#5 – வேர்க்கழலை

அந்த வரியைக் கருத்தரங்கில் சொல்லாதீர்கள், எல்லாரும் சொல்கிறார்கள்.

செடியின் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் காயம்பட்டால் சில சமயம் கழலை வளரும். அதற்கு மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாதான் (நம் அக்ரோபாக்டீரியம்) காரணம் என்று 1907இல் அமெரிக்க வேளாண் துறையின் எர்வின் ஸ்மித்தும் சார்லஸ் டவுன்சென்டும் காட்டினார்கள். வியப்பான செய்தி பிறகு வந்தது. 1940களில் ஆர்மின் பிரவுன், வெப்பத்தால் பாக்டீரியாவைக் கொன்ற பிறகும் கழலை வளர்ந்துகொண்டே இருப்பதைக் கண்டார். கழலைத் திசுவைத் தனியே எடுத்து, வளர்ச்சி ஹார்மோன் எதுவும் சேர்க்காத ஊடகத்தில் வைத்தாலும் வளர்ந்தது. அப்படியானால் பாக்டீரியா எதையோ உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அந்த 'எதையோ' பிடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1974இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஜெஃப் ஷெல், மார்க் வான் மான்டகு குழுவினர், கழலை உண்டாக்கும் பாக்டீரியாவில் மட்டும் ஒரு பெரிய பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) இருப்பதைக் கண்டுபிடித்தனர். 1977இல் சியாட்டில் நகரில் மேரி-டெல் சில்டன் குழு, அந்தப் பிளாஸ்மிட்டின் ஒரு துண்டு கழலை உயிரணுவின் டி.என்.ஏ.வில் இருப்பதை நிறுவியது. அந்தத் துண்டுதான் டி-டி.என்.ஏ.

அதில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஆக்சின், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன்களைத் தயாரிக்கும் மரபணுக்கள், அதனால்தான் கழலை. கூடவே ஓப்பைன் என்ற பொருளைத் தயாரிக்கும் மரபணு. ஓப்பைனால் செடிக்கு எந்தப் பயனும் இல்லை, இந்த பாக்டீரியாவுக்கோ அது உணவு. செடியை வைத்துத் தனக்குச் சோறாக்கிக்கொள்கிறது.

வேலை நடக்கும் விதம் இது: செடியில் காயம்பட்டால் அசிட்டோசிரிங்கோன் போன்ற ஃபீனால் பொருட்கள் கசியும். பாக்டீரியா அதை உணர்ந்து 'விர்' மரபணுக்களை முடுக்கும். டி-டி.என்.ஏ.வின் இரு எல்லையிலும் 25 எழுத்து நீளமுள்ள குறி இருக்கிறது. விர்டி2 என்ற புரதம் அங்கே வெட்டி, ஒற்றை இழையின் முனையோடு தானும் ஒட்டிக்கொண்டு, ஒரு குழாய் அமைப்பு வழியாகச் செடியின் உயிரணுவுக்குள் போகிறது. எல்லைக் குறிகளுக்கு நடுவே இருப்பது எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. கழலை மரபணுக்களை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போகும். 1983 ஜனவரியில் மயாமியில் நடந்த கூட்டத்தில் சில்டன் குழு, கென்ட் குழு, மான்சான்டோ நிறுவனக் குழு என்று மூன்று தரப்பும் இதைச் செய்துவிட்டதாக ஒரே மேடையில் அறிவித்தன.

மீண்டும் உங்கள் கேள்விக்கு வருகிறேன். புகையிலை இலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, பாக்டீரியாக் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து, ஒற்றி எடுத்து, இரண்டு நாள் சேர்த்து வளர்ப்பார்கள். பிறகு பாக்டீரியாவைக் கொல்ல செஃபோடாக்சிம், மரபணு ஏறாத உயிரணுக்களை ஒதுக்க கானமைசின் சேர்த்த ஊடகத்துக்கு மாற்றுவார்கள். சில வாரங்களில் துண்டின் நடுப்பகுதி வெளுத்துப்போகும். வெட்டிய விளிம்பில் மட்டும் பச்சைப் பச்சையாக முண்டுகள் எழும்பும். அவைதான் ஏறியவை. கானமைசின் பசுங்கணிகத்தின் புரதத் தயாரிப்பைத் தடுப்பதால் மற்றவை வெளுக்கின்றன. அந்த விளிம்பில் பாக்டீரியா புகுந்த உயிரணுவும் குருத்துவிடக்கூடிய உயிரணுவும் ஒன்றாக இருப்பதால்தான் புகையிலை இவ்வளவு சுலபம். புகையிலையில் வந்ததை நம்பி வேறு பயிரில் இறங்கியவர்கள் பட்டபாடு தனிக் கதை.

#6 – கரிசல்காரர்

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். பருத்தி விவசாயி. இதைப் படித்துக்கொண்டே வந்தேன். பல சொற்கள் புரியவில்லை, சாரம் புரிகிறது. ஒரு கேள்வி கேட்கிறேன், படித்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

பி.டி. பருத்தி வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. எங்கள் அப்பா காலத்தில் கருங்கண்ணி போட்டோம். மானாவாரியில் நிற்கும், தண்ணீர் கேட்காது, சாறு உறிஞ்சும் பூச்சி அவ்வளவாக அண்டாது. காய்ப்புழு மட்டும்தான் தொல்லை. அந்தப் புழுவுக்கு மருந்து இந்த மரபணுதான் என்றால், கருங்கண்ணிக்குள் அதை வைத்துக் கொடுத்திருக்கலாமே? ஏன் ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்க வேண்டிய கலப்பின விதையில் மட்டும் வைத்தார்கள்? இது வியாபாரமா, விஞ்ஞானமா?

#7 – பழைய கலப்பாளர்

கரிசல்காரர் ஐயாவுக்கு வணக்கம். பயிர் இனப்பெருக்கத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு விடை: இரண்டும்தான். விஞ்ஞானத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் விவசாயியிடம் சொல்வதில்லை.

திசு வளர்ப்பில் ஒற்றை உயிரணுவிலிருந்து முழுச் செடியாகத் திரும்பி வருவதில் பருத்தி மிக முரண்டு பிடிக்கும் பயிர். விதிவிலக்காக நன்றாகத் திரும்பிவரும் இரகங்களில் ஒன்று அமெரிக்காவின் கோக்கர் 312. வயலில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. ஆய்வகத் தட்டில் அதற்கு இணை அரிது. மான்சான்டோ, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவின் கிரை1ஏசி மரபணுவை அக்ரோபாக்டீரியம் வழியாக ஏற்றியது அந்தக் கோக்கர் 312இல்தான். இந்தியாவுக்கு வந்தது அந்தச் செடியின் வழித்தோன்றல்.

நம் இரகங்களில் யாரும் நேரடியாக மரபணுவை ஏற்றவில்லை. கோக்கரிலிருந்து வந்த விதையை நம் பெற்றோர் வரிசையோடு கலந்து, வந்ததை மீண்டும் நம் வரிசையோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு இருக்கும் செடியை மட்டும் வைத்துக்கொண்டு போவார்கள். இதற்குப் பிற்கலப்பு என்று பெயர். ஆறு முறை செய்தால் கணக்குப்படி கோக்கரின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். புது மரபணுவும் அதை ஒட்டிய சிறு பகுதியும் நிற்கும். 2002 மார்ச் 26 அன்று முதலில் அனுமதி பெற்ற மெக் 12, மெக் 162, மெக் 184 மூன்றும் இப்படி வந்த கலப்பினங்களே.

இனி கருங்கண்ணி. கோக்கரும் நம் எம்.சி.யு. 5 பருத்தி இரகமும் 52 குரோமோசோம் உள்ள நான்மடிய இனம். கருங்கண்ணி 26 குரோமோசோம் உள்ள இருமடியம், வேறு சிற்றினம். இரண்டையும் கலந்தால் வரும் செடி மும்மடியமாகி மலடாகிவிடும். ஆகவே பிற்கலப்பு வழி அடைபட்டது. நேரடியாக ஏற்றலாம் என்றால், நாட்டுப் பருத்தி திசு வளர்ப்பில் கோக்கரை விடப் பன்மடங்கு பிடிவாதம். இரண்டு கதவும் மூடியிருந்தன.

வியாபாரம்: சீனாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.டி. பருத்தி பெரும்பாலும் இரகமாகவே பயிராகிறது. இங்கே கலப்பினமாகவே பரவியது. கலப்பினத்தின் விதையை எடுத்து வைத்து விதைத்தால் மறு ஆண்டு ஒரே சீராக வராது. எனவே கடைக்குப் போயாக வேண்டும். விதை நிறுவனத்துக்குக் காப்புரிமையை விட உறுதியான பூட்டு அது. உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

#8 – கரிசல்காரர்

ஐயா, இந்த 52, 26 கணக்கை இத்தனை ஆண்டில் ஒரு விரிவாக்க அலுவலரும் எனக்குச் சொன்னதில்லை. "உங்கள் நாட்டுப் பருத்தி மகசூல் தராது" என்ற ஒரே பல்லவிதான். நன்றி.

#9 – மெய்ப்பொருள்

எல்லாரும் தொழில்நுட்பத்தின் அழகில் மயங்கிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அடிப்படைக் கேள்வி ஒன்று இருக்கிறது. பாக்டீரியாவின் மரபணுவைச் செடியில் வைக்க நமக்கு என்ன உரிமை? துப்பாக்கியால் சுட்டாலும் பாக்டீரியாவை ஏவினாலும் மரபணு எங்கே போய் உட்காரும் என்று சுடுபவருக்கே தெரியாது என்பதை வேர்க்கழலை ஏன் எழுதவில்லை? கானமைசினைத் தாங்கவைக்கும் எதிர்ப்பு மருந்து மரபணுவையும் சேர்த்து வைக்கிறார்கள் என்பதை ஏதோ வழக்கமான செய்முறைக் குறிப்பு போலக் கடந்துபோகிறார்.

#10 – நெல்மணி

மெய்ப்பொருள் வந்துவிட்டார். இனி இழை விளங்கினாற்போலத்தான்.

#11 – மட்டுறுத்துநர்

நெல்மணி, கருத்துக்குப் பதில் சொல்லுங்கள், ஆளுக்கு வேண்டாம். மெய்ப்பொருளின் கேள்விகள் தலைப்புக்கு உட்பட்டவை.

#12 – வேர்க்கழலை

எங்கே உட்காரும் என்று முன்கூட்டித் தெரியாது, உண்மை. துப்பாக்கியில் இன்னும் மோசம்: பல பிரதிகள், துண்டுதுண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். அக்ரோபாக்டீரியத்தில் பொதுவாக ஒன்றிரண்டு பிரதிகள், ஓரளவு ஒழுங்காக. அதனால்தான் ஏராளமான தனித்தனிச் செடிகளை உருவாக்கி, மரபணு நல்ல இடத்தில் ஒற்றைப் பிரதியாக அமர்ந்ததைப் பொறுக்கி, மற்றவற்றை எறிகிறார்கள். உட்கார்ந்த பிறகு எங்கே இருக்கிறது என்பதை எழுத்து எழுத்தாகப் படித்துவிட முடியும்; ஒப்புதலுக்கு அந்த விவரத்தைக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு நுழைவையும் தனி 'நிகழ்வு' என்று பெயரிட்டு அனுமதிப்பது அதற்காகவே.

எதிர்ப்பு மருந்து மரபணு இல்லாமலும் செய்யலாம். தங்க அரிசியின் ஜிஆர்2ஈ வரிசையில், மானோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்தத் தெரிந்த உயிரணு மட்டும் பிழைக்கும்படி தேர்வு நடந்தது. அல்லது அடையாள மரபணுவைத் தனித் துண்டில் ஏற்றி, அடுத்த தலைமுறையில் அது பிரிந்துபோன செடியை எடுக்கலாம். மலிவு கருதிப் பழைய வழியிலேயே போகும் ஆய்வகங்கள் நிறைய; அந்தச் சோம்பலை நான் ஆதரிக்கவில்லை.

பாக்டீரியா மரபணு செடியில் இருக்கலாமா என்பதற்கு: 2015இல் கென்ட் ஆய்வாளர்களும் பெருவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சோதித்த 291 பயிரிடப்படும் சர்க்கரைவள்ளி மாதிரிகள் அனைத்திலும் அக்ரோபாக்டீரியத்தின் டி-டி.என்.ஏ. இருந்தது, நெருங்கிய காட்டு உறவுகளில் அந்தத் துண்டு இல்லை. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் கிழங்கு, மனிதன் கை வைப்பதற்கு முன்பே இந்த பாக்டீரியா கை வைத்தது.

#13 – மெய்ப்பொருள்

சர்க்கரைவள்ளி வாதம் எனக்குப் பழக்கம். பாம்பு தானாக வீட்டுக்குள் நுழைந்ததுண்டு என்பதற்காக நாமே ஒன்றைப் பிடித்துவந்து விடலாமா? அந்தக் கிழங்கைப் பல ஆயிரம் ஆண்டுகள் மனிதர்கள் தின்று பார்த்திருக்கிறார்கள். நீங்கள் அவ்வளவு காலம் கொடுப்பீர்களா? தானாக நடந்ததால் ஒன்று பாதுகாப்பாகிவிடாது. நீங்கள் செய்ததால் ஆபத்தாகிவிடாது என்பதையும் ஏற்கிறேன். அப்படியானால் ஒவ்வொன்றையும் தனித்தனியே, விற்பவர் அல்லாத ஒருவர் சோதிக்க வேண்டும். 2010 பிப்ரவரி 9 அன்று பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தபோது அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் சொன்ன காரணங்களில் சுயேச்சையான சோதனை போதாது என்பதும் ஒன்று. அது இன்றும் அப்படியே நிற்கிறது.

#14 – பழைய கலப்பாளர்

மெய்ப்பொருள் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு: விற்பவரே சோதிப்பது ஒழுங்கல்ல. ஆனால் அந்தக் கத்தரிக் கதையில் நம்மவர்கள் மறந்த பகுதி ஒன்றைச் சொல்கிறேன். இஇ-1 என்ற ஒரே நிகழ்வை மகிகோ நிறுவனத்திடமிருந்து பெற்று, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நம் இரகங்களான கோ 2, மதுரை 1, கிள்ளிக்குளம் 1, பாலூர் 1 ஆகியவற்றில் பிற்கலப்பு மூலம் சேர்த்தார்கள். இவை கலப்பினங்கள் அல்ல, இரகங்கள். விவசாயி விதையெடுத்து வைத்துக்கொள்ளலாம். கரிசல்காரர் ஐயா கேட்டது போன்ற ஒன்று நடக்கவிருந்தது, கத்தரியில். நிறுத்தி வைத்ததில் அதுவும் சேர்ந்து நின்றது. அதே நிகழ்வை வங்கதேசம் 2013 அக்டோபரில் அனுமதித்துத் தன் சொந்த இரகங்களில் பரப்பியது.

#15 – பப்பாளிப் பிரியை

ஜெனீவா ஊர் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். ஹவாயைச் சேர்ந்த டென்னிஸ் கான்சால்வெஸ் அதே நிலையத்தில் தாவர நோயியலாளராக இருந்தார். ஹவாய்த் தீவின் பூனா வட்டாரத்தில்தான் பப்பாளித் தோட்டங்கள் குவிந்திருந்தன. 1992 மே மாதம் அங்கே வளையப்புள்ளி வைரஸ் நுழைந்தது. ஆறு ஆண்டுகளில் மாநில உற்பத்தி ஏறக்குறையப் பாதியானது. வைரஸ் வரும் என்று எதிர்பார்த்து அவரும் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மான்ஷார்ட், மொரீன் ஃபிட்ச் ஆகியோரும் முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வைரஸின் உறைப் புரத மரபணுவைப் பப்பாளியின் கருத்திசுவில் துகள் துப்பாக்கியால் ஏற்றினார்கள். தேறியது 55-1 என்ற ஒரு வரிசை. அதிலிருந்து சன்அப், சன்அப்பையும் கபோஹோ என்ற இரகத்தையும் கலந்து ரெயின்போ. 1998 மே மாதம் விவசாயிகளுக்கு விதையை இலவசமாகக் கொடுத்தார்கள்.

நம் ஊரிலும் பப்பாளிக்கு அதே வைரஸ்தான் எமன். ரெயின்போ விதையைக் கொண்டுவந்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பயன்படாது. அந்தப் பாதுகாப்பு, வைரஸின் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு சிதைப்பதால் வருவது. எழுத்து வரிசை நெருக்கமாகப் பொருந்த வேண்டும். ஹவாய் வைரஸுக்கு எதிராக நிற்கும் ரெயின்போ மற்ற நாட்டு வைரஸ்களிடம் தோற்றிருக்கிறது. இங்கே வேண்டுமென்றால் இங்கத்திய வைரஸின் மரபணுவை, இங்கத்திய இரகத்தில், முதலிலிருந்து செய்ய வேண்டும்.

#16 – தேன்சிட்டு

என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: ஒருவித்திலைக்கு பாக்டீரியா உதவாதா? நெல்மணி அக்கா நெல்லில் வேலை செய்பவர் என்று வேறொரு இழையில் படித்தேன்.

#17 – நெல்மணி

உதவும். அந்தப் பாடநூல் வரி 1994லேயே காலாவதியாகிவிட்டது. ஜப்பானில் ஹியேய் குழுவினர் நெல் விதையின் கருவிலிருந்து வளர்த்த கேலஸில் (இன்னும் வேர், குருத்து என்று பிரியாத உயிரணுத் திரளில்) அக்ரோபாக்டீரியம் மூலம் மரபணுவை ஏற்றிக் காட்டினார்கள். நெல் அசிட்டோசிரிங்கோனைப் போதிய அளவில் கசியவிடாது. எனவே அதை நாமே ஊடகத்தில் சேர்த்துவிடுகிறோம், வழக்கமாக 100 மைக்ரோமோலார். தேர்ந்தெடுக்க கானமைசின் நெல்லில் சரிப்படாது, ஹைக்ரோமைசின் போடுகிறோம். 1996இல் மக்காச்சோளம், அடுத்த ஆண்டு கோதுமை என்று வழி திறந்தது. ஆனால் எல்லா நெல்லும் ஒன்றல்ல. நிப்பான்பாரே போன்ற ஜப்பானிக்கா இரகத்தின் கேலஸ் வெளிர்மஞ்சளாக, உருண்டை உருண்டையாக, தொட்டால் உதிரும்; அதுதான் நல்ல கேலஸ். நம் இண்டிகா இரகங்கள் பலவற்றில் அது நீர்கோத்துக் கொழகொழப்பாகிவிடும், இல்லையென்றால் பழுப்பாகும். வேர் விடும், குருத்து விடாது. மரபணு ஏறியிருக்கும், ஹைக்ரோமைசினைத் தாங்கி உயிரோடும் இருக்கும், செடி மட்டும் வராது. இதைவிட எரிச்சலான காட்சி ஆய்வகத்தில் கிடையாது.

துப்பாக்கி இன்னும் தேவைப்படும் இடம் பசுங்கணிகத்துக்குள் மரபணுவை வைப்பது. அக்ரோபாக்டீரியம் உட்கருவுக்குத்தான் கொண்டுபோகும். துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: சுடுவதற்குச் சில மணி நேரம் முன்பு கேலஸை மானிட்டால், சார்பிட்டால் கலந்த ஊடகத்தில் வையுங்கள். உயிரணு சற்றுச் சுருங்கி, துளைபடும்போது உள்ளிருப்பது பீறிடாமல் நிற்கும். தங்கத் துகள் கட்டிதட்டியிருந்தால் சுடவே வேண்டாம், தட்டின் நடுவில் செத்த திசுதான் மிஞ்சும்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால், சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழுவினர் அவிசென்னியா மெரினா என்ற சதுப்புநிலத் தாவரத்தின் ஒரு மரபணுவை பூசா பாஸ்மதி-1 நெல்லில் ஏற்றி, உவர்ப்பைத் தாங்குகிறதா என்று பார்த்தது. 2008இல் வெளிவந்த ஆய்வு. தாங்கியது, வயலுக்கு இன்னும் வரவில்லை.

#18 – மெய்ப்பொருள்

இப்போது மரபணுத் திருத்தம் வந்துவிட்டதே, அதில் அயல் மரபணுவே இல்லை, எனவே கட்டுப்பாடு வேண்டாம் என்கிறார்கள். 2022இல் அரசும் விலக்கு கொடுத்துவிட்டது. நுழைப்பு வேலையே இல்லையென்றால் இந்த இழையே பழங்கதைதானே?

#19 – வேர்க்கழலை

நல்ல கேள்வி, கிண்டலாகக் கேட்டிருந்தாலும். மரபணுத் திருத்தத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் கத்திரியான காஸ்9 புரதம் செடிக்குள் எப்படிப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலான ஆய்வகங்களில் அதே அக்ரோபாக்டீரியம், அதே கேலஸ், அதே ஹைக்ரோமைசின். முதல் தலைமுறைச் செடி முழுமையான அயல் மரபணுச் செடிதான். அதைத் தற்கலப்பு செய்து, அடுத்த தலைமுறையில் கத்திரி பிரிந்துபோய்த் திருத்தம் மட்டும் நிற்கும் செடியைத் தேடி எடுக்கிறார்கள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு நெல்களையும் பாருங்கள்: சம்பா மசூரியில் திருத்திய டி.ஆர்.ஆர். தன் 100 என்ற கமலா, எம்.டி.யு. 1010இல் திருத்திய பூசா டி.எஸ்.டி. நெல் 1. விலக்கு, கடைசியில் அயல் டி.என்.ஏ. எஞ்சாத செடிக்குத்தான். அது எஞ்சவில்லை என்று யார் சரிபார்க்கிறார்கள் என்ற உங்கள் பழைய கேள்வியை இங்கே கேட்டால் அதற்கு முழு வலு உண்டு.

நெல்லில் இது ஒரு பருவ வேலை. வாழைக்காரர் கவனிக்க: வாழைக்கு விதையே இல்லை, தலைமுறை பிரியாது. கத்திரியை உள்ளே வைத்தால் வெளியே எடுக்க வழி மிகக் குறைவு. அதனால் டி.என்.ஏ. இல்லாமல் புரதத்தையே நேராகச் செலுத்தப் பார்க்கிறார்கள். சுவர் நீக்கிய உயிரணுவில் அது எளிது. ஆனால் சுவர் நீக்கிய அந்த ஒற்றை உயிரணுவைச் செடியாக்க வேண்டும்.

#20 – தேனி வாழைக்காரன்

சுற்றிச் சுற்றி எங்கள் அலமாரிக்கே வருகிறீர்கள் அண்ணா.

#21 – கரிசல்காரர்

அப்படியானால் என் கருங்கண்ணிக்குக் கதவு திறக்கவே வழியில்லையா? திசு வளர்ப்புதான் தடை என்றால் அதைத் தாண்ட யாரும் முயலவில்லையா?

#22 – வேர்க்கழலை

முயல்கிறார்கள் ஐயா. இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, திசு வளர்ப்பையே தவிர்ப்பது. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில், பூங்கொத்தைச் சர்க்கரையும் சிறிது ஒட்டுத்திரவமும் கலந்த பாக்டீரியாக் கரைசலில் தோய்த்து எடுத்தால் போதும். வரும் விதைகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலாவது மரபணு ஏறியிருக்கும். 1998இல் கிளஃப், பென்ட் இருவரும் எழுதிய எளிய செய்முறை. பயிர்களில் இது நம்பகமாக வருவதில்லை. முளைவிட்ட விதையின் குருத்து முனையில் காயம் செய்து பாக்டீரியாவை ஏற்றும் முறையைப் பெங்களூரு ஆய்வாளர்கள் நிலக்கடலையில் செய்தார்கள். பருத்தியிலும் குருத்து முனையில் செய்யலாம். ஆனால் ஒரே செடியில் சில கிளையில் மரபணு இருக்கும், சிலவற்றில் இருக்காது. விதைத் தலைமுறையில் ஏராளமான செடிகளைச் சோதித்துப் பொறுக்கும் பொறுமையும் ஆளும் வேண்டும்.

இரண்டாவது, பிடிவாதம் பிடிக்கும் உயிரணுவைப் பணியவைப்பது. 2016இல் மக்காச்சோளத்தில் பேபி பூம், வுஷல் என்ற இரு வளர்ச்சி மரபணுக்களைச் சேர்த்து ஏற்றியபோது, அதுவரை திசு வளர்ப்பில் வராத வரிசைகளும் செடியாக வந்தன. 2020இல் கோதுமையில் ஜிஆர்எஃப்-ஜிஐஎஃப் இணைப்பும் அப்படி உதவியது.

நாட்டுப் பருத்திக்கு இவற்றைப் பொருத்தும் வேலையைப் பெரிய நிறுவனம் செய்யாது. விதையை எடுத்து வைத்துக்கொள்ளும் விவசாயியிடம் அவர்களுக்கு விற்க ஒன்றுமில்லை. பொதுப்பணத்தில் இயங்கும் நிலையம்தான் செய்ய வேண்டும். கருங்கண்ணி இரகங்களை வெளியிட்ட கோவில்பட்டி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். அடுத்த விவசாயிகள் நாளில் இதே கேள்வியை, 52, 26 கணக்கோடு சேர்த்து, எழுத்தில் கொடுங்கள்.

#23 – கரிசல்காரர்

எழுதிக் கொடுக்கிறேன். பழைய கலப்பாளர் ஐயா வரைவைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும், தனிமடலில் அனுப்புகிறேன்.

#24 – மெய்ப்பொருள்

மனுவில் ஒரு வரி என் சார்பில் சேருங்கள்: வயல் சோதனை முடிவுகளை முழுமையாகத் தமிழில் வெளியிட வேண்டும் என்று. அதைச் சேர்த்தால் நானும் கையெழுத்திடுகிறேன்.